ரயில் கைப்பிடியில் தொங்கியவள்

அடிபட்ட மிருகங்களைப் பார்க்கும் நம் செம்பூர் கொட்டகையில் கடைசிக் கூண்டைக் கழுவும்போது மேலே பார்த்திருப்பீர்கள். கூரைக் குழாயில் வரிசையாகப் பழைய லோக்கல் ரயில் கைப்பிடிகள் தொங்கும். "இதை ஏன் இன்னும் கழற்றவில்லை?" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒருவர் போன வாரம் செல்வியிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். "அண்ணாச்சிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். அவள் அப்படித்தான். அந்த அண்ணாச்சி நான்தான், ஆகவே எழுதுகிறேன். தமிழ் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

என் படிப்பு தாராவி முனிசிபல் பள்ளியில் எட்டாவதோடு நின்றது. அதற்குப் பிறகு தோல் கொட்டகை, லாரியில் கிளீனர், தாதர் பிளாட்பாரத்தில் தூக்கம், நாக்பூர் பக்கம் ஒரு சர்க்கஸ் என்று கால் போன பக்கம் போனேன். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து இரண்டு மழைக்காலம் இருந்ததில்லை. பசி இருந்தது. அது பெரிய கதை இல்லை, எல்லாருக்கும் இருந்தது.

சர்க்கஸில் எனக்குக் கிடைத்த வேலை ஒரு சிம்பன்சிக்குக் கால்சட்டை மாட்டிவிடுவது. அவன் சைக்கிள் ஓட்டுவான். கூட்டத்தில் ஒருவன் இன்னொருவனைக் காட்டி, "அதோ பாரு, உன் தாத்தா சைக்கிள்ல போறாரு" என்பான். தினமும் யாராவது ஒருவன் அதைச் சொல்வான், தினமும் கூட்டம் சிரிக்கும். கால்சட்டை மாட்டும்போது அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்குவான். ஒரு குளிர்காலத்தில் கூடாரம் முழுக்கச் சளி. சமையல்காரர் தும்மினார், நான் தும்மினேன், அவனும் தும்மினான். எங்களுக்கு ஒரு வாரத்தில் விட்டது. அவனுக்கு விடவில்லை. அதே கூடாரத்தில் படுத்த நாய்க்கும் குதிரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கால்சட்டை மாட்ட ஆள் தேவைப்படாததால் நான் அடுத்த ஊருக்குப் போனேன்.

பல வருடம் கழித்து மும்பைக்கே திரும்பி வந்து இந்தக் கொட்டகையில் சேர்ந்தேன். மிருகங்களோடு இருந்தவன் என்பது ஒன்றுதான் என் தகுதி. அப்போது இங்கே இருந்தது எல்லாம் பருந்து, ஆமை, மின்கம்பியில் அடிபட்ட குரங்கு. குரங்கு வைத்தியத்தில் செல்வியும் நானும் தேறிவிட்டோம் என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது.

அந்த நினைப்போடு இருந்த நாளில்தான் அவள் வந்தாள். விமான நிலையத்தில் யாரோ ஒருவருடைய பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவில் இருந்தாளாம். குரங்குக் குட்டி என்றே நினைத்தோம். கருத்த முகம், வெள்ளைப் புருவம், சாம்பல் நிற மயிர். உடம்பைவிட நீளமான கைகள். பெட்டியின் உள்துணியைப் பிடித்த பிடியை விடாததால் துணியைக் கிழித்து அதோடு சேர்த்தே கொண்டுவந்தார்கள்.

செல்வி அவளைத் திருப்பிப் பார்த்துவிட்டு அலறினாள்.

"யாரு அண்ணாச்சி இந்தப் பாவத்தப் பண்ணுனது? வால ஒட்ட நறுக்கிட்டானுவளே!"

நானும் பார்த்தேன். வால் இல்லை. வால் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே மயிரில்லாமல் காய்ப்புக் காய்த்தது போல் இரண்டு திட்டுகள் இருந்தன. காயம் ஆறிய தழும்பு என்றே நானும் நினைத்தேன். செல்வி மஞ்சளைக் குழைத்து அந்த இடத்தில் கனமாகப் பூசினாள். பூசிக்கொண்டே பெட்டிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினாள்.

மாட்டுங்காவிலிருந்து மிருக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா வந்தபோது மஞ்சள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"இது என்ன, கல்யாணத்துக்கு நலங்கா?"

"வால வெட்டிட்டானுவ டாக்டரம்மா."

"உன் வாலை யாரு வெட்டினா செல்வி?"

செல்விக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"கேட்டேளா, இது குரங்கு இல்லை. கிப்பன். கிப்பனுக்கு வால் கிடையாது. உராங்குட்டானுக்குக் கிடையாது, கொரில்லாவுக்குக் கிடையாது, சிம்பன்சிக்குக் கிடையாது, உங்களுக்கும் எனக்கும் கிடையாது. நாம எல்லாரும் ஒரே தாயாதிக் கூட்டம். நீ பூசியிருக்கியே, அது தழும்பு இல்லை. அவ கிளையில உக்காரற மெத்தை."

"அப்ப இவதான் நம்ம பூட்டியாக்கும்?" என்றாள் செல்வி.

"அதான் இல்லை. ஊர்ல உன் பெரியப்பா பொண்ணு இருக்காளோல்லியோ, அவ உனக்குப் பாட்டியா?"

"அவளா? எனக்கு இளையவ. பாட்டின்னு சொன்னா வெளக்குமாத்த எடுத்துட்டு வருவா."

"உனக்கும் அவளுக்கும் பாட்டி ஒண்ணு. அந்தப் பாட்டி இல்லை இப்போ. அவ வழியில நீ ஒரு பக்கம் வந்தே, உன் தங்கை ஒரு பக்கம் போனா. இதுவும் அப்படித்தான். இன்னிக்கு இருக்கற எந்தக் குரங்கும் நமக்குப் பாட்டி இல்லை. இவளும் இல்லை. நமக்கும் இவளுக்கும் பொதுவா ஒருத்தி இருந்தா, எத்தனையோ காலத்துக்கு முன்னாடி."

"அவ எப்படி இருப்பா?" என்று நான் கேட்டேன்.

"யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து மண்ணுல எங்கேயோ ஒரு பல் கிடைக்கறது, ஒரு தாடை கிடைக்கறது. இதுதான் அவ முகம்னு யாரும் காட்ட முடியாது. ஆனா இருந்தா. வால் இல்லாம இருந்தா, அதனால நம்ம யாருக்கும் வால் இல்லை."

பிறகு அவர் தரையில் ஒரு குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். முதலில் தனிக்குடித்தனம் போனது கிப்பன் கிளை. பிறகு உராங்குட்டான், பிறகு கொரில்லா. கடைசி வரை ஒன்றாக இருந்து பிரிந்தது சிம்பன்சியும் நாமும். நான் சர்க்கஸில் இருந்தவனைப் பற்றிச் சொன்னேன்.

"அவன் உங்களுக்கு ரொம்பக் கிட்டத்துச் சொந்தம் அண்ணாச்சி. கொரில்லாவைவிட நீங்கதான் அவனுக்குக் கிட்டம். இவளுக்கு மட்டும் நீங்களும் அவனும் ஒரே தூரம்."

அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கால் தூக்கியது நினைவுக்கு வந்தது. அவன் எனக்குத் தாத்தா இல்லை. ஒன்றாய் இருந்த வீட்டிலிருந்து கடைசியாகப் பிரிந்து போனவன். அந்தச் சளி நாயைத் தொடாமல் அவனை ஏன் தொட்டது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. உடம்பு எவ்வளவு நெருக்கமோ, நோய்க்கு அவ்வளவு வசதி.

டாக்டரம்மா போகும்போது ஒன்று சொன்னார். இவளுடைய நாட்டில், காட்டோரத்தில் ஒரு காப்பகம் இவளை எடுத்துக்கொள்ளத் தயார். அங்கே இவள் வயதுக் கிப்பன்கள் இருக்கின்றன. பழகினால் பிறகு காடு. ஆனால் இரண்டு நிபந்தனை. மனிதரிடமிருந்து எந்த நோயும் தொற்றியிருக்கக் கூடாது. மனிதரையே தாய் என்று நம்பிவிட்டிருக்கவும் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் வாழ்நாள் முழுக்க ஏதாவது ஒரு ஊரில் கூண்டுதான்.

"தூக்கி வச்சுக்கணும்னு தோணும். தூக்கப்படாது" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

தாய்க்குப் பதிலாக ஒரு கம்பளியைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தோம். அதைக் கட்டிக்கொண்டு தரையில் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். பழத்தைத் தொடவில்லை. குரங்குகளுக்குப் போடுவது போல் கூண்டில் பலகைகளை அடித்திருந்தோம். அவள் பலகையில் ஏறவே இல்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மா என்னைக் கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். பக்கத்துக் கூண்டுக் குரங்கைக் காட்டி, "அதனால இப்படிச் சுத்த முடியாது. அது கிளைக்கு மேல நாலு கால்ல ஓடறது. நாம தொங்கற வம்சம்" என்றார்.

அன்று மாலை குர்லாவில் வண்டி மாறினேன். கூட்டத்தில் மேலே கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் பெட்டி முழுக்கத் தூக்கிய கைகள். வியர்த்த கைகள், வளையல் போட்ட கைகள், டிபன் பை மாட்டிய கைகள். எல்லாம் ஒரே மாதிரி தோளிலிருந்து தொங்கின.

மறுநாள் தாராவியில் பங்கார் கடைக்குப் போனேன். இரும்பு, பிளாஸ்டிக் என்று உடைசல் எல்லாம் அங்கே வந்து சேரும். கடைக்காரர் எங்கள் ஊர்ப்பக்கத்து பாய்.

"லோக்கல் கைப்பிடியா? வீட்டுக்குள்ளயே ரயில் விடப் போறீயளா அண்ணாச்சி?"

"சொந்தக்காரப் பிள்ள ஒண்ணு வந்திருக்கு பாய். தொங்கி வெளையாட."

"நல்லா தொங்கட்டும். எப்படியும் பெரிசானா அதத்தான செய்யணும்."

கூரைக் குழாயில் கைப்பிடிகளை மாட்டிவிட்டு வெளியே வந்து ஒளிந்து நின்றோம். வெகு நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பளியை விட்டாள். கம்பி வலையில் ஏறி, முதல் கைப்பிடியைப் பிடித்தாள். உடம்பு ஒருமுறை ஆடியது. அடுத்த கை அடுத்த கைப்பிடிக்குப் போனது. அதற்குப் பிறகு நாங்கள் பார்த்ததை நடை என்றும் சொல்ல முடியாது, குதித்தல் என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் ஓடுகிற மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாள். செல்வி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அன்று குட்டி பழம் தின்றாள்.

இனி அந்த மழை நாள். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஜூலையில் அவளுக்கு மூக்கு ஒழுகியது. யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகமூடி கட்டாமல் ஒருமுறை எட்டிப் பார்த்தவர் யாராகவும் இருக்கலாம். மருந்து நடந்துகொண்டிருந்தது. செல்விதான் முகமூடியும் கையுறையும் போட்டு உள்ளே போய்க் கொடுப்பாள். ஒரு நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. தண்டவாளம் மூழ்கிவிட்டது. டாக்டரம்மா மாட்டுங்காவில், செல்வி தாராவியில், அவளுக்கு நோய் வந்ததிலிருந்து இரவும் அங்கேயே படுத்த நான் ஒருவன் மட்டும் கொட்டகையில். காலை எழுந்ததுமே எனக்குத் தொண்டை கரகரத்தது. இரண்டு முறை தும்மினேன்.

அவள் கைப்பிடியை விட்டு இறங்கி, கம்பளியும் இல்லாமல் வலையோரம் உட்கார்ந்திருந்தாள். மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன்.

"நீங்க தும்மறேளா?"

"ஆமா."

அவர் வாசலில் தண்ணீர் போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அவ மார்ல ஏற்கெனவே சளி இருக்கு. உங்ககிட்ட இருக்கறது வேறயா இருந்தா, அதுவும் சேர்ந்தா தாங்க மாட்டா. மருந்து போகலேன்னாலும் கஷ்டம். செல்வி கிளம்பிட்டா, நடந்து வரா. எப்போ வருவான்னு தெரியாது. நான் அங்க இல்லை அண்ணாச்சி. நீங்கதான் பார்த்துச் சொல்லணும். காத்திருக்க முடியுமா?"

எனக்குப் படித்த படிப்பு இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் படிப்பில் இருக்கிறது என்றும் தெரியவில்லை. அவள் மூச்சை எண்ணிப் பார்க்க முயன்றேன், எண்ண வரவில்லை. உதடு நீலமாகிறதா என்று பார்த்தேன். ஆகவில்லை. கண் என் மேலேயே இருந்தது. அந்தக் கண் செருகாத வரை காத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். செருகினால் உள்ளே போவது. போனில் அப்படியே சொன்னேன். "சரி" என்றார்.

அப்போது அவள் வலை வழியாகக் கையை நீட்டினாள்.

நாய் காலை நீட்டும், பூனை நீட்டும். அது வேறு. இது உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களைக் கொஞ்சம் மடித்து, "வா" என்று கூப்பிடுகிற கை. நகம் என் நகம் மாதிரியே தட்டையாக இருந்தது. ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் எத்தனையோ பிளாட்பாரத்தில் இறங்கியிருக்கிறேன். எனக்காக யாரும் அப்படிக் கை நீட்டி நின்றதில்லை. நான் இன்னும் இரண்டடி பின்னால் போனேன்.

கை மடங்கவில்லை. நீட்டியபடியே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. சுவரில் ஒட்டடைக் கம்பு சாய்த்து வைத்திருந்தது. அதன் நுனியை நன்றாகக் கழுவி, மருந்துத் தண்ணீரில் துடைத்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கொட்டகைக் கதவோரத்திலிருந்து கம்பை நீட்டினேன். அவள் நுனியைப் பிடித்தாள். பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மறுநுனி என் கையில்.

அப்படியே நின்றேன். மழை தகரத்தில் அடித்தது. அவள் மூச்சு இழுக்கிற ஆட்டம் கம்பு வழியாக என் கைக்கு வந்தது. இருமினால் கம்பு குலுங்கும். என் கை வலித்தால் மெதுவாக மறு கைக்கு மாற்றிக்கொள்வேன், அவள் உடனே நிமிர்ந்து பார்ப்பாள். எனக்கு இருமல் வந்தபோது தலையை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டேன், கம்பை விடவில்லை. அவளும் விடவில்லை. அவளுக்கும் எனக்கும் பொதுவான அந்த முகம் தெரியாதவள் எந்தக் காட்டில் எந்த மழையில் தன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க இருக்கிறது?

செல்வி வந்தபோது இடுப்பு வரை சேறு. குளித்து, துணி மாற்றி, முகமூடி கட்டி உள்ளே போனாள். மருந்துக்காக மட்டும் தூக்கி மடியில் வைத்துப் புகட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கம்ப விடுங்க. அவ எப்பவோ விட்டுட்டா."

அவள் பிழைத்தாள். அதற்கு மருந்துதான் காரணம், செல்வியின் கால்கள்தான் காரணம். நான் செய்தது உள்ளே போகாமல் இருந்தது ஒன்றுதான். இந்த வேலையில் சில நாள் அதுதான் வேலை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். யாரும் பாராட்ட மாட்டார்கள். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் பார்க்கிறவனுக்குத் தோன்றும்.

உடம்பு தேறிய பிறகு பாட ஆரம்பித்தாள். விடிகாலை ஹார்பர் லைன் லோக்கல் ரயில் செம்பூரைத் தாண்டும்போது நீளமாக ஹார்ன் அடிக்கும். ஒரு நாள் அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் எழுந்தது. மெல்லியதாகத் தொடங்கி, மேலே மேலே ஏறி, உச்சியில் போய் நின்றது. காவல்காரர் சாயாக் கிளாஸோடு ஓடிவந்தார். கடைசிக் கைப்பிடியில் தொங்கியபடி, வாயைக் குவித்து, வண்டி போன திக்கைப் பார்த்து அவள் பாடிக்கொண்டிருந்தாள். பாடி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். கிப்பன் குடும்பத்தில் ஒருத்தி பாடினால் இன்னொருவர் பதில் பாடுவது வழக்கமாம். வண்டி பதில் சொல்லவில்லை. மறுநாளும் பாடினாள், மறுநாளும் காத்திருந்தாள்.

எனக்கு விசிலடிக்க வரும், சர்க்கஸில் கற்றது. அந்த ஏற்றம் என் நாக்கு நுனியில் இருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. பதில் சொன்னேள்னா, நீங்கதான் தன் மனுஷான்னு முடிவு பண்ணிடுவா. அங்க போயும் உங்க குரலைத்தான் தேடுவா. பக்கத்து மரத்துல நிஜமா ஒருத்தி பாடினாலும் காதுல விழாது."

அவள் போகிற வரை, தினமும் விடியலில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். கம்பைக் கை மாற்றி மாற்றிப் பிடித்து நின்ற நாளைவிட அது கடினமாக இருந்தது.

விமான நிலையச் சரக்குக் கூடத்தில் அவளுடைய பெட்டிக்குப் பின்னால் நின்றோம். முன்னால் நின்றால் எங்களைப் பார்த்துவிடுவாள். பெட்டியின் உட்கூரையில் ஒரே ஒரு ரயில் கைப்பிடியைத் திருகி வைத்திருந்தேன். செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போயிட்டு வான்னு சொல்லக் கூடாதுல்லா அண்ணாச்சி?"

"கூடாது."

"வெறுமன போன்னு எப்படிச் சொல்லுவேன்?"

இரண்டையும் சொல்லாமல் திரும்பினோம்.

சில மாதம் கழித்து டாக்டரம்மா தம் போனை என் காதில் வைத்தார். காப்பகத்திலிருந்து வந்த ஒலிப்பதிவு. இரைச்சல், பூச்சிச் சத்தம், பிறகு அந்த ஏற்றம். எனக்குத் தெரிந்த குரல். முடிந்ததும் ஒரு மௌனம், எனக்குத் தெரிந்த மௌனம். பிறகு தூரத்திலிருந்து வேறொரு குரல் பதில் பாடியது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது எனக்கு வேலை இல்லை. சான்பாடாவில் ஒரு அறை. சும்மா இருக்க உடம்பு ஒத்துக்கொள்ளாததால் காரணம் இல்லாமல் ஹார்பர் லைனில் போய் வருகிறேன். போன வாரம் விடியற்கூட்டத்தில் கையைத் தூக்கிக் கைப்பிடியைப் பிடித்து நின்றேன். செம்பூர் தாண்டும்போது வண்டி ஹார்ன் அடித்தது. எனக்குத் தடை சொல்ல யாரும் இல்லை. கெடுத்துவிடுவேனோ என்ற பயமும் இல்லை. வாயைக் குவித்து, மெல்லத் தொடங்கி, மேலே ஏற்றி, அன்று சொல்லாத பதிலைச் சொன்னேன்.

பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த பையன் காதிலிருந்த ஒயரைக் கழற்றினான்.

"க்யா ஹுவா, சாச்சா?"

என்ன ஆயிற்று என்று கேட்கிறான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். வண்டி குலுங்கியது. அவன் ஒரு கைப்பிடியில், நான் அடுத்ததில், இரண்டு பேரும் ஒரே பக்கமாக ஆடினோம்.

கூண்டைக் கழுவுங்கள். கைப்பிடிகள் இருக்கட்டும்.